கால் நீட்டினால் மறையும் காயம்

கபடியில் ரெய்டு போனவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறார். பாதம் மண்ணில் ஊன்றி நிற்கிறது. அதன்மேல் உடம்பு மட்டும் சுழல்கிறது. யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. முழங்காலுக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். அன்று இரவுக்குள் மூட்டு வீங்கிவிடும், காலை மடக்க முடியாது. ஆடுகளத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்: "ஜவ்வு போயிருச்சு தம்பி."

பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பிறகு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதையே சொல்லும். ரிப்போர்ட்டின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ஏ.சி.எல். முழுக் கிழிசல். நோயாளிக்கு விடை கிடைத்துவிட்டது. அழைத்துவந்த நண்பர்கள் அடுத்து எங்கே ஆபரேஷன், எவ்வளவு செலவு என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் எழுத வந்தது அந்த வரிக்கு அப்பால், அதே படங்களுக்குள், யார் கண்ணிலும் படாமல் கிடக்கக்கூடிய வேறு காயங்களைப் பற்றி.

முதலில் அந்த 'ஜவ்வு'. நம் பேச்சில் அது வஞ்சனையில்லாமல் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார் ஜவ்வு. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு. மூட்டைச் சுற்றிய உறையும் ஜவ்வு. முதுகெலும்பின் வட்டுகூட ஜவ்வுதான். ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுவதால், ஒன்று கிழிந்தது என்று கேட்டதும் "வேறென்ன கிழிந்தது?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. மருத்துவத்திலும் கிட்டத்தட்ட இதே கோளாறு உண்டு என்பது பின்னால் தெரியும்.

முழங்கால் என்பது தட்டையான மேடைமேல் இரண்டு உருண்டைகளை நிறுத்தி வைத்ததுபோன்ற அமைப்பு. தொடை எலும்பின் அடிமுனை இரண்டு உருண்டைகள். கீழ்க்கால் எலும்பின் தலை அந்த மேடை. அப்படியே விட்டால் உருண்டை வழுக்கி ஓடிவிடும். வண்டிச் சக்கரம் நகராமல் அடியில் கல்லைச் செருகுகிறோமே, அதுபோல இரண்டு பக்கமும் பிறை வடிவக் குருத்தெலும்பு ஒவ்வொன்று செருகப்பட்டிருக்கிறது. அதுதான் மெனிஸ்கஸ். நடு மூட்டில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு சிலுவைத் தசைநார்கள். முன்னால் இருப்பது ஏ.சி.எல்.; ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைத்திருப்பது இதன் வேலை. அதற்குப் பக்கபலமாக இருப்பது உட்புற மெனிஸ்கஸின் பின்பகுதி. கயிறு அறுந்தாலும் சக்கரத்தடியில் கல் இருந்தால் வண்டி கொஞ்சம் நிற்கும். கல்லும் நகர்ந்துவிட்டால் வண்டி ஓடும்.

அறுபடும் கணம் மிகக் குறுகியது. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு நேர்ந்த பத்து காயங்களின் வீடியோக்களை நார்வே ஆய்வாளர்கள் கட்டம் கட்டமாக ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி நொடிக்குள் தசைநார் போய்விடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. கண் இமைக்கவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்தச் சிறு பொழுதில் கீழ்க்கால் எலும்பு முன்னால் பாய்ந்து சுழல, அதன் வெளிப்புறப் பின்விளிம்பு தொடை எலும்பின் வெளி உருண்டைமீது மோதுகிறது. இரண்டு எலும்பும் உள்ளுக்குள் கன்றிப்போகின்றன. எக்ஸ்ரேயில் தெரியாத இந்தக் கன்றல் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் படலமாகத் தெரியும். அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் தசைநாரைப் பார்க்கும் முன்பே இந்த இரண்டு வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து, "ஏ.சி.எல். போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். ஈர மண்ணில் கால்தடம் பார்த்துத் திருடன் போன வழி சொல்வதுபோல.

ஆனால் திருடன் போன வழி ஒன்றுதானா? வெளிப்புறம் மோதிய எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும்போது உட்புறப் பின்பக்கமும் ஒரு மோதல் நடக்கிறது. உட்புற மெனிஸ்கஸின் பின்கொம்பு அங்கேதான் இருக்கிறது. பின்னால் மூட்டு உறையோடு தைத்ததுபோல் ஒட்டியிருக்கிறது. அந்தத் தையல் பிரிந்தால் அதற்குப் பெயர் 'ராம்ப் லீஷன்'. ராம்ப் என்றால் சரிவுப் பாதை. மெனிஸ்கஸுக்குப் பின்னால் உறை சரிந்திறங்கும் இடத்தில் நேர்வதால் இந்தப் பெயர். 1980களிலேயே விவரிக்கப்பட்ட காயம் இது. ஜெர்மன் அறுவை மருத்துவர் மைக்கேல் ஸ்ட்ரோபெல் மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி அறுவை பற்றி 1988இல் எழுதிய கையேட்டில் பெயரும் வைத்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் தேடவில்லை.

தேடாததற்குக் காரணம் அது தெரியவில்லை என்பதே. ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது என்று கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. உண்மையில் தசைநாரைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது தண்ணீரை. இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களை. வலுவான காந்தப்புலத்தில் வரிசைப்பட்டு நிற்கும் அந்தக் கருக்களை ரேடியோ அலையால் தட்டினால் அவை பதிலுக்கு ஒரு சன்னமான ரேடியோக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துப் படமாக்கும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தசைநாரிலும் மெனிஸ்கஸிலும் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் கொலாஜன் இழைகள் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் தண்ணீரின் குரல் கருவி காது கொடுக்கும் முன்பே அடங்கிவிடும். அதனால் நல்ல தசைநார் படத்தில் கறுப்பு. நல்ல மெனிஸ்கஸும் கறுப்பு. கட்டில்லாமல் சுதந்திரமாகத் திரியும் மூட்டு நீர் வெள்ளை. கிழிசல் என்பது கறுப்புக்குள் வெள்ளை புகுந்த இடம். ஆக, நாம் படத்தில் காண்பது கிழிந்த திசுவை அல்ல, கிழிந்த இடைவெளிக்குள் கசிந்த நீரை.

இப்போது ஸ்கேன் அறைக்கு வாருங்கள். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்காலைச் சுற்றிக் கூடைபோல் ஒரு சுருள். அதற்குள் கால் ஏறக்குறைய நேராக நீட்டியிருக்க வேண்டும். இருபது, முப்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க அதுதான் வசதி. கால் நீண்டிருக்கும்போது உறையும் மெனிஸ்கஸும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பிரிந்த தையல் மூடிக்கொள்கிறது. இடைவெளி இல்லை என்றால் நீர் இல்லை; நீர் இல்லை என்றால் வெள்ளை இல்லை. காலை மடக்கினால் வாய் திறக்கும் காயம், படம் எடுக்கும் நேரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு படமும் சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு வெட்டு. அந்தக் கனத்துக்குள் இருப்பதெல்லாம் சராசரியாகித்தான் திரையில் வரும். மெல்லிய பிரிவு அந்தச் சராசரியில் கரைந்துபோகும்.

2010இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீவ் போலன் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஏ.சி.எல். சீரமைப்புக்கு வந்த 183 முழங்கால்களில் மூட்டுக்குள் கேமராவை விட்டுப் பின்பக்கத்தை வேண்டுமென்றே தேடிப் பார்த்திருக்கிறார். 17 பேருக்கு, அதாவது 9.3 சதவீதம் பேருக்கு, இந்தப் பிரிவு இருந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூட முன்னால் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் அது குறிப்பிடப்படவில்லை. பதினேழில் பூஜ்யம்.

கேமராவும் அப்படியொன்றும் மகா யோக்கியமில்லை. ஆர்த்ராஸ்கோப் வழக்கமாக முன்பக்கத் துளை வழியாகத்தான் போகிறது. முன்னால் நின்று பார்த்தால் பின்கொம்பின் பின்புறச் சுவர் தெரியாது. வீட்டு முன்வாசலில் நின்று கொல்லைப்புறம் பார்ப்பது மாதிரி. பிரான்ஸின் லியோன் நகரத்து பெர்த்ரான் சோன்னரி-கோத்தே குழு 2014இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. 302 நோயாளிகள்; அவர்களில் 125 பேருக்கு உட்புற மெனிஸ்கஸில் காயம். முன்வழியாகப் பார்த்தபோது தென்பட்டது 75 மட்டுமே. சிலுவைத் தசைநார்களுக்கு நடுவேயுள்ள இடுக்கு வழியாகக் கேமராவைப் பின்னறைக்குத் தள்ளிப் பார்த்ததும் இன்னும் 29 வெளிப்பட்டன. பின்பக்கம் தனித் துளை போட்டு, மேலே படர்ந்திருந்த மெல்லிய சவ்வைக் கருவியால் நீக்கியபோது மேலும் 21. கேமராவே நேரில் பார்த்தும் சவ்வுக்கடியில் ஒளிந்திருந்த காயங்கள் அவை. அந்தக் கட்டுரை அவற்றை 'மறைந்த காயங்கள்' என்றே அழைத்தது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எதற்கும் உதவாதா? உதவும், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பனிச்சறுக்கில் முழங்காலை உடைத்துக்கொள்கிறவர்கள் வந்து குவியும் வெய்ல் நகரில், ராபர்ட் லாப்ரேட் குழு 301 ஏ.சி.எல். நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் எழுதியது. 50 பேருக்கு ராம்ப் காயம். எம்.ஆர்.ஐ. நேரடியாகக் காட்டிக்கொடுத்தது அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 48 சதவீதம். ஆனால் அதே 50 பேரில் 72 சதவீதம் பேரின் படங்களில் கீழ்க்கால் எலும்பின் உட்புறப் பின்மூலையில் ஒரு கன்றல் இருந்தது. நான் மேலே சொன்ன இரண்டாவது மோதலின் தடம். தையல் பிரிந்தது தெரியாவிட்டாலும், பக்கத்து எலும்பு கன்றியிருப்பது தெரிகிறது. வெளிப்புறக் கன்றல்கள் பெரிதாக இருப்பதால் கண் அங்கேயே போய் நிற்கும். உட்புற மூலையில் நகக்கண் அளவு வெள்ளை இருந்தால், அதை எண்ணெய்க் கறைபோல் ஒதுக்கிவிடக் கூடாது.

இதில் நம்மூருக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. அடிபட்டதும் நாட்டுக் கட்டு, எண்ணெய் நீவுதல், "வீக்கம் வற்றட்டும்" என்று இரண்டு மாதம், மூன்று மாதம். பிறகு கால் 'நழுவுகிறது' என்றுதான் ஸ்கேனுக்கு வருகிறார்கள். எலும்புக் கன்றல் வாரங்களிலும் மாதங்களிலும் மெல்ல மறைந்துவிடும். மூட்டு நீரும் வற்றிவிடும். தடம் அழிந்த மண்ணில் தேடுவதுபோல்தான் அப்புறம். கூடவே, தள்ளாடும் மூட்டில் நடந்துகொண்டே இருந்தால் மெனிஸ்கஸ் மேலும் கிழியும். தாமதத்தில் புதிய காயம் சேர்கிறது, பழைய காயத்தின் அடையாளம் தேய்கிறது.

இதுவரை சொன்னது பௌதிகம். மீதி மனம்.

கதிரியலில் ஒரு பழைய பிரச்சினை இருக்கிறது: தேடியவன் ஒன்று கிடைத்ததும் திருப்தியாகித் தேடலை நிறுத்திவிடுவது. வில்லியம் டட்டன்ஹம் என்ற அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் 1962இலேயே இதைப் பற்றி எழுதினார். சாவிக்கொத்தைத் தேடி அலமாரியைக் கலைக்கிறோம், கிடைத்ததும் நிறுத்திவிடுகிறோம், அதே அலமாரியில் காலாவதியான பாஸ்போர்ட் கிடந்ததைப் பயணத்தின் முதல்நாள்தான் கண்டுபிடிக்கிறோம். ஏ.சி.எல். கிழிசல் அப்படிப்பட்ட சாவிக்கொத்து. பெரியது, பளிச்சென்றது, நோயாளியின் கதையோடு அச்சாகப் பொருந்துவது. எம்.ஆர்.ஐ.யும் அதைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. அதனாலேயே ஆபத்து.

இதைக் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் வேறு இருவரும் ஹார்வர்டில் ஒரு விளையாட்டான சோதனை செய்தார்கள். 24 கதிரியல் மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண்ணின் அசைவைப் பதிவுசெய்த கருவி, அவர்களில் பலருடைய பார்வை கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்ததையும் காட்டியது. விழுந்தது, தேடியது அதையல்ல என்பதால் பதியவில்லை.

தேடும் பொருளை முடிவு செய்வது பயிற்சி. பயிற்சியைத் தருவது பாடப்புத்தகம். பாடப்புத்தகமும் தவறலாம். ஓக்லஹோமாவைச் சேர்ந்த டான் ஓ'டோனஹு 1950இல் விளையாட்டு வீரர்களின் முழங்கால் காயங்களைப் பற்றி எழுதியபோது மூன்று காயங்களைச் சேர்த்து 'துயர மூவர்' என்று பெயரிட்டார்: ஏ.சி.எல்., உட்புறப் பக்கத் தசைநார், உட்புற மெனிஸ்கஸ். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தார்கள். 1991இல் ஷெல்போர்ன், நிட்ஸ் இருவரும் கேமரா வழியாகப் பார்த்துச் சரிபார்த்தபோது, புதிதாக அடிபட்ட இத்தகைய முழங்கால்களில் அதிகம் கிழிந்திருந்தது உட்புறம் அல்ல, வெளிப்புற மெனிஸ்கஸ். நாற்பது ஆண்டுகளாக மூவரில் ஒருவர் ஆள்மாறாட்டம்.

வெளிப்புற மெனிஸ்கஸுக்கு அதன் சொந்தக் கண்ணாமூச்சி இருக்கிறது. அதன் பின்வேர், எலும்பில் நங்கூரமிட்டிருக்கும் நுனி, ஏ.சி.எல். அறுபடும்போது பிய்ந்துபோவதுண்டு. வேர் பிய்ந்தால் மெனிஸ்கஸ் வட்டத்தின் இறுக்கம் போய்விடும். பீப்பாய்ப் பட்டை கழன்றதுபோல, பாரம் தாங்காது. பக்கவாட்டு வெட்டில் கறுப்பு முக்கோணமாக இருக்க வேண்டிய இடம் மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. 'பேய்' என்று அதற்கு ஆங்கிலப் பெயர். ஆனால் அதே இடத்தில் வேறு மூன்று சில்மிஷங்கள். முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் தமனி தன் துடிப்பைப் படத்தின் குறுக்கே சிந்திவிடும். அந்த வேர் மேல்நோக்கிச் சரிந்து போவதால், கொலாஜன் இழைகள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரியில் நிற்கும்போது காயமே இல்லாமலும் வெளிறித் தெரியும். மெனிஸ்கஸிலிருந்து தொடை எலும்புக்குப் போகும் சிறு தசைநார் ஒன்று பிரியும் இடம் கிழிசல் போலவே இருக்கும். எனவே இங்கே வெள்ளையைப் பார்த்ததும் கிழிசல் என்றும் சொல்ல முடியாது, கண்மாயம் என்று தள்ளவும் முடியாது. ஒரு கோணத்தில் தெரிந்ததை மற்ற இரண்டு கோணங்களிலும் தேடி ஒத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

முழங்காலின் முன்வெளிப்பக்கத் தசைநாரின் கதை இன்னும் பழையது. பாரீஸ் அறுவை மருத்துவர் பால் செகோன் 1879இல், சடலங்களின் முழங்காலை வலிந்து முறுக்கிப் பார்த்து, வெளிப்பக்கம் முத்துப் பளபளப்புள்ள ஒரு நார்ப்பட்டை இழுபடுவதையும் அது கீழ்க்கால் எலும்பிலிருந்து ஒரு சிறு சில்லைப் பெயர்த்தெடுப்பதையும் எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட அதன்பின் 16 ஆண்டுகள் ஆயின. அந்தச் சில்லு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் உள்ளே ஏ.சி.எல். கிழிந்திருப்பது ஏறக்குறைய உறுதி. பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஸ்டீவன் கிளாஸ் குழு 2013இல் 41 சடல முழங்கால்களை அறுத்துப் பார்த்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்தப் பட்டை இருக்கிறது என்றது. செய்தித்தாள்கள் 'புதிய தசைநார் கண்டுபிடிப்பு' என்று கொண்டாடின. செகோனுக்கு அது தெரியாமல் போனது நல்லது.

தவறவிட்டால் உடனே தண்டனை தரும் இடம் ஒன்று உண்டு: முழங்காலின் பின்வெளி மூலை. பக்கத் தசைநாரும் ஒரு தசைநாணும் சின்னஞ்சிறு கட்டுகளும் பின்னிக் கிடக்கும் அந்த மூலை ஏ.சி.எல்.லோடு சேர்ந்து கிழிந்து, அது தெரியாமல் ஏ.சி.எல்.லை மட்டும் புதிதாகப் பொருத்தினால், புதிய நாரின்மேல் கூடுதல் இழுவை விழுந்து அது மீண்டும் அறுபடும். ஆபரேஷன் தோற்றதாக எல்லோரும் நினைப்பார்கள். தோற்றது நோயறிதல். அந்த மூலையை ஒட்டியே பாதத்தைத் தூக்கும் நரம்பும் ஓடுகிறது. அடிபட்ட பிறகு கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, புறங்கால் மரத்துப்போகிறது என்றால் ஸ்கேன் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். அதை அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ராம்ப் காயத்துக்கு அப்படி உடனடித் தண்டனை கிடையாது. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் தைக்க வேண்டுமா என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மெனிஸ்கஸின் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. வெளிவிளிம்பில் பத்திலிருந்து முப்பது சதவீதம் வரைதான் உண்டு என்று ஆர்னாஸ்கி, வாரன் இருவரும் 1982இல் காட்டினார்கள். ராம்ப் காயம் நேர்வது அந்த ரத்தமுள்ள விளிம்பில். ஆகவே சிறியது, அசையாதது என்றால் தானாகவே ஆறிவிடக்கூடும். கருவியால் தொட்டுப் பார்க்கும்போது நகர்வது, பெரியது என்றால் கதை வேறு. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட பிரிவை உண்டாக்கிச் சோதித்தபோது கீழ்க்கால் எலும்பின் முன்நழுவலும் சுழற்சியும் கூடின. ஏ.சி.எல்.லை மட்டும் சீரமைத்தால் அந்தத் தளர்வு முழுதாகப் போவதில்லை. சக்கரத்தடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. மறைந்ததைத் தேடுகிறேன் என்று கிளம்பிப் படத்தில் தெரியும் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் காயம் என்று எழுதத் தொடங்கினால் யார் முழங்காலும் தப்பாது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 சாதாரண மக்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ எதுவுமே இல்லை. நரைபோலச் சில கிழிசல்கள் வயதோடு வருகின்றன. எனவே தேடலுக்கு அளவுகோல் படம் மட்டுமல்ல. எப்படி விழுந்தார், எங்கே அழுத்தினால் வலிக்கிறது, எந்த அசைவில் கால் நழுவுகிறது என்ற விவரங்களோடு சேர்ந்துதான் படத்துக்கு அர்த்தம். நம்மூரில் பல ஸ்கேன் சீட்டுகளில் மருத்துவர் எழுதுவது 'முழங்கால் வலி' என்ற இரண்டு சொற்கள். எதைத் தேடுவது என்று சொல்லாமல் தேட அனுப்பிவிட்டு, கிடைக்கவில்லை என்று கதிரியல் மருத்துவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

இப்போதெல்லாம் இந்த இடத்துக்கு வந்தால் "ஏ.ஐ. வந்துவிட்டதே" என்பார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2018இல் எம்.ஆர்.நெட் என்ற நிரலை வெளியிட்டது. 1,370 முழங்கால் ஸ்கேன்களைக் கொண்டு உருவாக்கியது. காயமுள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் திறனை 1க்கு எவ்வளவு நெருங்குகிறது என்று அளக்கிறார்கள். ஏ.சி.எல். கிழிசலில் அது பெற்றது 0.965, மெனிஸ்கஸ் கிழிசலில் 0.847. மனிதக் கண்ணுக்கு எளிதானதே இயந்திரத்துக்கும் எளிது, மனிதக் கண்ணுக்குச் சிக்கலானதே அதற்கும் சிக்கல். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பயிற்சிக்கான விடைகள் எங்கிருந்து வந்தன? மருத்துவமனையில் முன்பே எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளிலிருந்து. ரிப்போர்ட்டில் இல்லாத காயம் அந்தப் பாடத்தில் 'இல்லாத' காயம். கேமரா வழியாகக் கண்டதையும் கருவியால் தொட்டு உணர்ந்ததையும் விடைத்தாளாகக் கொடுக்காதவரை, தவறவிட்டவரிடம் பாடம் கேட்ட மாணவன் அதே இடத்தில்தான் தவறவிடுவான்.

செலவில்லாத மாற்றங்கள் சில ஏற்கெனவே நடக்கின்றன. சில இடங்களில் முழங்காலைச் சற்று மடித்து வைத்துக் கூடுதலாகப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். மூடிய வாய் கொஞ்சம் திறக்கிறது. சிலர் ஏ.சி.எல். என்றாலே கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் பார்த்தபின் எழுதுகிறார்கள். கேட்கச் சப்பென்று இருக்கும். விமானம் கிளம்பும் முன் விமானி செய்வதும் அதுதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஏ.சி.எல். கிழிந்திருந்தால், ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், படங்கள் உள்ள குறுவட்டை அல்லது ஃபிலிமைக் கேட்டு வாங்கி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். விழுந்த விதத்தை நோயாளி தன் வாயால் சொல்லட்டும். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது, "டாக்டர், உள்ளே போகும்போது பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேமராவைப் பின்னறைக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு வர அவருக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.